சூடு பார்க்கும் உதடு

பெற்றவர்கள் அவருக்கு வைத்த பெயரைக் கூப்பிட ஆளில்லாமல் அது அப்படியே கிடந்தது. லாண்டரியில் எல்லாருக்கும் அவர் மடிப்பு. தெருவிலும் அதே பெயர்தான். வீட்டில் போட்டுக்கொண்டு தூங்குகிற பழைய சட்டைக்குக்கூட இஸ்திரி போட்டு, தோளிலிருந்து கைவரை கோடு விழவைத்துத்தான் மாட்டுவார். அப்படிப்பட்ட ஆளை ஊர் வேறு என்னவென்று கூப்பிடும்?

அந்த லாண்டரி சில்லறைத் துணி எடுப்பதில்லை. பெரிய ஆஸ்பத்திரிகளின் படுக்கை விரிப்புகள், தலையணை உறைகள், டாக்டர்களின் வெள்ளைக் கோட்டுகள் எல்லாம் மூட்டை மூட்டையாக வரும். துவைக்கிற பக்கம் வெள்ளம், இஸ்திரி பக்கம் நீராவி. மடிப்பு நின்றது நீராவிப் பக்கம். விரிப்பு இயந்திரத்திலிருந்து சுடச்சுட வரும்போது அதை வாங்கி நான்காக, எட்டாக மடித்து அடுக்க வேண்டும். உள்மடிப்பில் துளி ஈரம் தங்கினாலும் கட்டு முழுவதும் பூஞ்சை வாடை அடித்துத் திரும்பி வந்துவிடும். ஆகவே அடுக்குவதற்கு முன்னால் ஒவ்வொன்றையும் ஈரம் பார்க்க வேண்டும். இங்கேதான் சிக்கல். இத்தனை வருஷம் சூட்டைப் பிடித்துப் பிடித்து அவருடைய உள்ளங்கையும் விரல்களும் காய்த்துப்போய்விட்டன. கொதிக்கிற தேநீர் டம்ளரைச் சும்மா பிடித்துக்கொண்டு கதை பேசுவார். சூடும் தெரியாது, ஈரமும் தெரியாது.

அதற்கு அவரே கண்டுபிடித்த வழி உதடு. மடித்த விரிப்பின் ஓரத்தை விலக்கி, உள்பக்கத்தை மேலுதட்டில் ஒரு கணம் வைத்து எடுப்பார். "ஆச்சு" என்றால் அடுக்குக்குப் போகும். "ஈரம்" என்றால் திரும்ப இயந்திரத்துக்குப் போகும். அந்தத் தீர்ப்புக்கு மேல்முறையீடு கிடையாது. மேஸ்திரிக்கு மட்டும் இதைப் பார்த்தால் வாய் சும்மா இருக்காது.

"என்ன மடிப்பு, கல்யாணம் பண்ணாத குறையைப் போர்வைகிட்ட தீர்த்துக்கறீங்களா? எத்தனை முத்தம்யா ஒரு நாளைக்கு?"

"முத்தம் இல்லீங்க மேஸ்திரி, பார்க்கிறேன். முத்தத்துக்கும் பார்க்கிறதுக்கும் வித்தியாசம் தெரியாத ஆளுக்கு எப்படித்தான் ரெண்டு பிள்ளைங்க பிறந்துச்சோ."

இந்தப் பேச்சு தினமும் நடக்கும், தினமும் எல்லாரும் சிரிப்பார்கள். முத்தம் வேறு, பார்ப்பது வேறு என்று சொல்லிச் சொல்லி அது அவருக்கு எழுதாத சட்டமாகவே ஆகிவிட்டது.

அதே உதட்டில் அவ்வப்போது ஒரு கொப்புளம் கிளம்பும். முதல் நாள் குறுகுறுவென்று இருக்கும், மறுநாள் சின்னச் சின்ன முத்துகளாகக் கொத்தாக நிற்கும், பிறகு உடைந்து பொருக்குக் கட்டி உதிர்ந்துவிடும். சின்ன வயசிலிருந்தே உண்டு. வேலை அதிகமானாலும் வரும், காய்ச்சல் அடித்தாலும் வரும், வெயிலில் அலைந்தாலும் வரும். அதற்கு எல்லாரும் சொல்கிற பெயர் சூட்டுக் கொப்புளம். நாள் முழுக்க நீராவியில் வேகிறவனுக்கு உதடு பொங்காமல் வேறென்ன பொங்கும் என்று அவரும் சமாதானமாக இருந்துவிட்டார். நிறையத் தண்ணீர் குடிப்பார், கொஞ்சம் எண்ணெய் தடவுவார், அவ்வளவுதான் வைத்தியம். பெயரிலேயே காரணம் இருக்கும்போது யார் போய் டாக்டரைக் கேட்பார்கள்?

வீட்டில் அவருக்கு ஒரு தங்கை. வயதில் மிகவும் இளையவள், கண்ணாடிக் கடையில் வேலை. அண்ணன் பாதி, அப்பா பாதியாக வளர்த்தவர் மடிப்பு. கல்யாணத்துக்குப் பிறகும் அவளும் அவள் கணவனும் அதே வீட்டின் உள்ளறைகளில் குடியிருந்தார்கள். முன்னறை அவருடையது. தங்கை கணவன் லாரி ஓட்டுகிறவன். மாதத்தில் பாதி நாள் எங்கேயோ நெடுஞ்சாலையில் இருப்பான். வந்தால் வீடு கலகலக்கும்.

இவர்களுக்கு வெகு காலம் கழித்து ஒரு பெண் குழந்தை பிறந்தது. மடிப்பு அன்றைக்கு லாண்டரியில் ஒரு கட்டு விரிப்பைத் தலைகீழாக அடுக்கினார். மேஸ்திரி அதைப் பார்த்தும் பார்க்காததுபோல் போய்விட்டார்.

வீட்டுக்கு வந்து குழந்தையைப் பார்த்த நர்ஸ் வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டே சொல்லிவிட்டுப் போனாள். "வர்றவங்க எல்லாரும் சோப்புப் போட்டுக் கை கழுவணும். யாரும் முத்தம் கொடுக்கக் கூடாது. சளி, காய்ச்சல், வாயில புண்ணு இருக்கிறவங்க கிட்டவே வரக் கூடாது. பச்சைப் புள்ளை, தாங்காது."

மடிப்பு அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டார். லாண்டரியிலிருந்து வந்ததும் நாற்காலியை உள்ளறை வாசலில் போட்டுக் காவலுக்கு உட்கார்ந்துவிடுவார். பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர், சோப்பு, அவர் கையால் இஸ்திரி போட்ட துண்டுகள். வீட்டை வாடகைக்கு விட்டிருந்த வீட்டுக்காரம்மா மூக்கை உறிஞ்சிக்கொண்டு வந்தபோது, "சளி போனதும் வாங்கம்மா, பாப்பா எங்கேயும் ஓடிடாது" என்று வாசலோடு திருப்பி அனுப்பினார். அந்த அம்மாளுக்கு முகம் சுண்டிப்போயிற்று. லாரிக்காரன் ஊரிலிருந்து வந்தபோது கையைக் கட்டிக்கொண்டு பணிவாக நின்றான்.

"மச்சான், பெத்த அப்பன் நான். உள்ளே போக எனக்கு பாஸ் உண்டா?"

"முழங்கை வரைக்கும் கழுவு. அப்புறம் பேசலாம்."

இவ்வளவு கெடுபிடி செய்தவருக்குத் தன் உதடு மட்டும் கண்ணில் படவில்லை. வாயில் புண் என்றால் வாய்க்குள் வருவது. சூட்டுக் கொப்புளத்தை யாராவது புண் என்று சொல்வார்களா? முத்தமோ, அவர் ஜென்மத்தில் யாருக்கும் கொடுத்ததில்லை.

அந்த வாரம் லாண்டரியில் ஓர் இயந்திரம் படுத்துக்கொண்டது. இருந்த ஒன்றை வைத்துக்கொண்டு இரண்டு ஆள் வேலையை ஒவ்வொருவரும் பார்த்தார்கள். மடிப்புக்கு உதட்டில் குறுகுறுத்தது. மறுநாள் கொப்புளம் நன்றாகவே எழும்பி நின்றது. வீட்டுக்கு வந்தவர் நேராகக் குழந்தையிடம் போகவில்லை. தன் உடம்புச் சூடு பச்சைக் குழந்தையைத் தாக்கிவிடுமோ என்று பயம். குளிர்ந்த தண்ணீரில் நிதானமாகக் குளித்தார். மடிப்புக் கலையாத சட்டை ஒன்றை எடுத்து மாட்டினார். இரண்டு செம்பு தண்ணீர் குடித்துவிட்டு, சூடு தணியட்டும் என்று மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்திருந்தார். அத்தனை பொறுப்பாகத்தான் இருந்தார், பாவம்.

உள்ளேயிருந்து தங்கை கூப்பிட்டாள்.

"அண்ணா, பாப்பா நெத்தி சுடற மாதிரி இருக்கு. இப்பத்தான் வெந்நீர்ல கை வெச்சேன், எனக்கு ஒண்ணும் புரியலை. நீ கொஞ்சம் பார்த்துச் சொல்லேன்."

போனார். கையை முழங்கை வரை கழுவிக்கொண்டுதான் போனார். கை எதற்கும் உதவாதது என்று தெரிந்ததால் குனிந்தார். புருவத்துக்கு மேலே மேலுதட்டை வைத்தார். விரிப்பில் வைப்பதைவிடக் கொஞ்சம் கூடுதல் நேரம் வைத்தார், ஏனென்றால் இது விரிப்பு இல்லை. குழந்தை தூக்கத்தில் மூக்கைச் சுருக்கிற்று.

"சுடலை. நல்லாத்தான் இருக்கா."

"நீ சொன்னா சரி" என்றாள் தங்கை. அவள் முகத்தில் வந்த நிம்மதியைப் பார்த்து அவருக்குக் கொஞ்சம் கர்வமாகக்கூட இருந்தது. பிறகு போய்த் தன் காவல் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார்.

சில நாள் கழித்து, அதே புருவத்துக்கு மேல் இரண்டு மூன்று சின்னக் கொப்புளங்கள் வந்தன. வேர்க்குரு என்று தங்கை நினைத்தாள். லாரிக்காரன் குனிந்து பார்த்துவிட்டுக் கைதட்டிச் சிரித்தான்.

"மாமனை உரிச்சு வெச்சிருக்காடா என் பொண்ணு! அதே சூட்டு உடம்பு! மச்சான், இனிமே உங்க வாரிசு இல்லைன்னு எவன் சொல்லுவான்?"

மடிப்புக்குப் பூரித்துப்போயிற்று. அதுதான் பிற்பாடு அவரை அதிகமாகத் தின்ற விஷயம். பூரித்ததோடு நிற்காமல் லாண்டரிக்குப் போய்ச் சொல்லவும் செய்தார். "என் மருமகளுக்கு என் உடம்புவாகு மேஸ்திரி. இப்பவே சூட்டுக் கொப்புளம்." குழந்தைக்குச் சுற்றியிருந்த துணியைத் தளர்த்தச் சொன்னார், ஜன்னலைத் திறக்கச் சொன்னார். சூடு தணிந்தால் அடங்கிவிடும் என்று, நாற்பது வருஷ அனுபவஸ்தர்போல, தங்கையைத் தேற்றினார். அவர் பேச்சை நம்பி அவள் ஒரு நாள் பொறுத்தாள்.

மறுநாள் குழந்தைக்குக் காய்ச்சல், பால் குடிக்கவில்லை. எழுப்பினால் கண் திறக்கவில்லை. அழுகை பூனைக்குட்டிச் சத்தமாக மெலிந்துவிட்டது. மூன்று பேரும் ஓடினார்கள்.

குழந்தைகள் ஆஸ்பத்திரியில் பார்த்த டாக்டரம்மா சின்னப் பெண்தான், ஆனால் பேச்சில் அநாவசியம் கிடையாது. குழந்தையின் துணியை விலக்கி மார்பைப் பார்த்தாள், வயிற்றைப் பார்த்தாள். புருவத்துக்கு வந்ததும் அவள் கை நின்றுவிட்டது.

"வீட்டுல யாருக்காவது உதட்டுல கொப்புளம் இருந்துச்சா? யாராவது குழந்தைக்கு முத்தம் கொடுத்தாங்களா?"

"இல்லவே இல்லை டாக்டர்" என்றாள் தங்கை. "எங்க அண்ணன் வாசல்லயே உட்கார்ந்து யாரையும் கிட்ட விடலை. வீட்டுக்காரம்மாவையே திருப்பி அனுப்பிட்டாரு."

டாக்டரம்மா அந்த அண்ணனை நிமிர்ந்து பார்த்தாள். பொருக்கு அப்போதுதான் காய்ந்து உதிர்கிற பக்குவத்தில் இருந்தது.

"அது என்ன?"

"சூட்டுக் கொப்புளம் டாக்டர். இஸ்திரி வேலை. நீராவியில நிக்கிறதால."

"குழந்தை மேல உங்க வாய் பட்டுச்சா?"

"முத்தம் கொடுக்கலை டாக்டர்" என்றார் மடிப்பு. சொல்லும்போதே குரல் இறங்கிவிட்டது. "சூடு பார்த்தேன்."

டாக்டரம்மா நர்ஸிடம் திரும்பி மடமடவென்று சொல்ல ஆரம்பித்தாள். உடனே ஊசி வழியாக மருந்து ஏற்ற வேண்டும், ரத்தம் எடுக்க வேண்டும், முதுகுத்தண்டில் நீர் எடுத்துப் பார்க்க வேண்டும். சோதனை முடிவுக்காகக் காத்திருக்க முடியாது, மருந்து இப்போதே ஆரம்பமாக வேண்டும். எல்லாம் சொல்லி முடித்த பிறகுதான் அவர் பக்கம் வந்தாள்.

"அதுக்குள்ள இருக்கிறது சூடு இல்லைங்க. கிருமி. ஒரு தடவை வந்தா நரம்புல போய்ப் படுத்துக்கும். உடம்பு அலுத்தாலோ, காய்ச்சல் வந்தாலோ, வெயில் பட்டாலோ எழுந்து உதட்டுக்கு வரும். அதனாலதான் சூட்டுல வருதுன்னு நினைக்கிறோம். நமக்கு அது சும்மா ஒரு கொப்புளம். பிறந்து சில வாரம்தான் ஆன குழந்தைக்கு மூளை வரைக்கும் போயிடும்."

"நான் பார்க்கத்தான் செஞ்சேன் டாக்டர்."

"புரியுது. ஆனா உதடு பட்டுதா இல்லையா, கிருமிக்கு அவ்வளவுதான் தெரியும்."

அதட்டியிருந்தால் தாங்கியிருப்பார். அவள் மெதுவாகச் சொன்னாள்.

வராந்தாவில் பெஞ்சு இருந்தும் மடிப்பு உட்காரவில்லை. கண்ணாடிக் கதவு வழியே குழந்தை தெரிந்தது, அதன் பிஞ்சுக் கையில் குழாய் தெரிந்தது. அதன் கீழே விரித்திருந்த விரிப்பும் தெரிந்தது. மூலையில் விழுந்திருந்த மடிப்புக் கோட்டைப் பார்த்தவுடன் கண்ணாடியோடு ஒட்டி நின்றார். அப்படி எட்டாக மடிப்பது அந்த லாண்டரியில் அவர் ஒருவர்தான். இதில் எந்தப் பக்கம் உதட்டை வைத்தோம் என்று தேடினார். இதுவரை எத்தனை விரிப்பு, எத்தனை படுக்கை, யார் யார் அதில் படுத்தார்களோ என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது. வெளியே வந்த நர்ஸைப் பிடித்து அதைக் கேட்டேவிட்டார். அந்தச் சூட்டில் காய்ந்த துணியால் அப்படி வருவது அபூர்வம், அதைப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள் என்று அவள் சொன்னாள். அவர் கேட்டுக்கொண்டார், குழப்பிக்கொள்வதை மட்டும் நிறுத்தவில்லை.

தங்கை வெளியே வந்தாள். ஏதாவது சொல்வாள், வாய்விட்டுத் திட்டுவாள் என்று தலையைக் குனிந்து தயாராக நின்றார். அவள் பெஞ்சில் பொத்தென்று உட்கார்ந்தாள்.

"நான்தானே அண்ணா உன்னைப் பார்க்கச் சொன்னேன்."

"நீ சொன்னா என்ன? கொப்புளம் என் மூஞ்சியிலதானே இருந்துச்சு?"

"எனக்கும் கண்ணு இருந்துச்சே."

பழியை இரண்டு பேரும் தத்தம் பக்கம் இழுத்துக்கொண்டார்கள், யாரும் விட்டுக்கொடுக்கவில்லை. அன்று முழுவதும் லாரிக்காரன் மடிப்பின் முகத்தைப் பார்க்கவே இல்லை. மறுநாள் ஒரு தேநீரை வாங்கிவந்து, பார்க்காமலேயே நீட்டினான். மடிப்பு அதை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டார். சூடாக இருக்கிறதா, ஆறிவிட்டதா என்று தெரியவில்லை. ஆறியே போயிற்று.

வீட்டுக்காரம்மாவும் துணிப் பையோடு வந்தாள். மடிப்பு எழுந்து ஒதுங்கி நின்றார். "அன்னைக்கு உங்களை வாசல்லயே நிக்க வெச்சேன்மா. மன்னிச்சுக்கோங்க." அந்த அம்மாள், "சளியோட வந்தது என் தப்புதான், நீங்க நிறுத்தினது சரி" என்றாள். சரியாகச் செய்த காரியமும் அவரைத்தான் குத்திற்று. ஊரையெல்லாம் நிறுத்தினவர் தன்னை நிறுத்தவில்லை.

வாரக்கணக்கில் மருந்து ஏறியது. ஒரு நாள் காலை குழந்தை பசிக்கு வீறிட்டு அழுதது. அந்த அழுகையைக் கேட்டு வராந்தாவில் மூன்று பேரும் அழுதார்கள். வாயில் ஊற்றுகிற மருந்தும் மறுபரிசோதனைகளுமாக மாதங்கள் போயின. மூளைக்கு ஒன்றும் ஆகவில்லை, சீக்கிரம் கொண்டுவந்ததால் பிழைத்தது என்று டாக்டரம்மா சொன்னாள். சீக்கிரம் என்ற சொல்லைக் கேட்டதும் மடிப்புக்கு அந்த ஒரு நாள்தான் ஞாபகம் வந்தது. ஜன்னலைத் திறக்கச் சொல்லிக் கழித்த நாள்.

லாண்டரியில் அவர் உதட்டால் பார்ப்பதை நிறுத்தினார். அவர் அடுக்கிய கட்டுகள் ஈரமாகத் திரும்பி வந்தன. மேஸ்திரி ஒன்றும் கேட்காமல் அவரைத் தலையணை உறை பக்கம் மாற்றினார். முத்தப் பேச்சும் அத்தோடு நின்றது. வீட்டில் தன் டம்ளர், தன் துண்டு எல்லாவற்றையும் தனியாக வைத்துக்கொண்டார். குழந்தை வளர்ந்துவிட்டது, கொப்புளம் இல்லாத நாளில் கொஞ்சினால் பயமில்லை என்று டாக்டரம்மாவே சொன்னாள். மடிப்பு தலையைத் தலையை ஆட்டினார். ஒரு நாளும் செய்யவில்லை. குழந்தையை மடியில் வைத்துக்கொள்ளும்போது, ஏதோ நாற்றம் அடித்தாற்போல் முகத்தைப் பின்னால் இழுத்து வைத்துக்கொண்டே கதை சொல்வார்.

பாப்பா இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். புத்திசாலி, அதைவிடப் போக்கிரி. மாமாவின் கைக்குச் சூடு தெரியாது என்பதை வெகு சீக்கிரமே கண்டுபிடித்துவிட்டாள். பள்ளிக்கூடம் பிடிக்காத நாளில் நேரே முன்னறைக்கு வந்து நெற்றியை நீட்டுவாள். மடிப்பு கையை வைப்பார், ஒன்றும் தெரியாது. தெரியாத இடத்தில் "இல்லை" என்று சொல்ல அவருக்கு வாய் வராது. "சுடுதுபோல இருக்கே" என்பார். தங்கை தெர்மாமீட்டரைக் கொண்டுவந்து இரண்டு பேர் மானத்தையும் வாங்குவாள்.

ஒரு காலையில் பாப்பா பையும் கையுமாக வந்து நின்றாள். மடிப்பு கையை வைத்தார்.

"கையால வேண்டாம் மாமா, அம்மா நம்ப மாட்டேங்கறாங்க. உதட்டால பாருங்க. உங்க உதடு சொன்னா தப்பவே தப்பாதாமே. அம்மாதான் சொன்னாங்க."

மடிப்பு திரும்பிப் பார்த்தார். உள்ளறை வாசலில், முன்பு அவர் நாற்காலி போட்டிருந்த இடத்தில், தங்கை சாப்பாட்டு டப்பாவோடு நின்றுகொண்டிருந்தாள். கதையில் நல்ல பாதியை மட்டும் பெண்ணுக்குச் சொல்லி, மிச்சத்தை இத்தனை வருஷமும் அவருக்காக விழுங்கியிருக்கிறாள். அந்தப் பாதிப் பெருமையைச் சும்மா வாங்கிக்கொள்ள அவரால் முடியவில்லை.

"கண்ணு, நீ கைக்குழந்தையா இருந்தப்ப ஒரு தடவை உதட்டால பார்த்தேன். அன்னைக்கு உனக்குக் காய்ச்சல் இல்லை. என் உதட்டுலதான் கிருமி இருந்துச்சு. அது உன்கிட்ட வந்துடுச்சு. உன்னை ஆஸ்பத்திரியில வெச்சு ஊசி குத்தினாங்களே, அந்தக் காய்ச்சலைக் கொடுத்தது நான்தான்."

பாப்பா அவருடைய உதட்டையே உற்றுப் பார்த்தாள். முகத்தில் பயமும் இல்லை, கோபமும் இல்லை. யோசனை ஓடுவது தெரிந்தது.

"நிஜமாவா மாமா?"

"நிஜமாத்தான்."

"அப்ப இன்னைக்கும் கொஞ்சம் குடுங்களேன். கணக்குப் பரீட்சை."

உள்ளறை வாசலில் சாப்பாட்டு டப்பா ணங்கென்று கீழே விழுந்தது. மடிப்பு சிரிக்கத்தான் வாயைத் திறந்தார், அழுகைதான் வந்தது. ஒரு கையால் வாயை இறுக்கிப் பொத்திக்கொண்டார். மறு கை இன்னும் அவள் நெற்றியில்தான் இருந்தது. சுடுகிறதா இல்லையா என்று அதற்குத் தெரியவில்லை.

"தங்கச்சி" என்று பொத்திய வாயோடு கூப்பிட்டார். "நீ வந்து பாரு."